எழுதியவர்: லெயோன்ஸ் பர்போத்தேன்

பாட்டு எழுதுவதற்குப் பரீட்சை உண்டு என்பது ஆன்செல்ம் ராவியேவுக்கு முப்பத்தொரு வயதில்தான் தெரிந்தது. அதற்குள் நாற்பது பாட்டு எழுதிவிட்டிருந்தான். பகலில் நாடகங்களில் இரண்டாவது சிப்பாயாகவும் மூன்றாவது பிணமாகவும் நடித்துக்கொண்டு, மற்ற நேரங்களில் கபரே எனப்படும் நிலவறைப் பாட்டு விடுதிகளில் தன் பாட்டைத் தானே பாடிக்கொண்டு, அனுமதியில்லாமல் எழுதுகிறோம் என்ற உறுத்தல் துளியும் இல்லாமல் இருந்தவன்.

பாரீஸில் பாடலாசிரியர் சங்கத்தின் விதி குழப்பமே இல்லாதது. காலை ஒன்பது மணிக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். பன்னிரண்டு மணிக்குள் மூன்று சரணமும் ஒரு பல்லவியும் எழுதித் தர வேண்டும். தேறினால் உறுப்பினர்; பாட்டு உங்கள் பெயரில் பதிவாகும். தேறாவிட்டால், சட்டப்படி நீங்கள் இன்னும் ஒரு பாட்டுகூட எழுதவில்லை.

1951 அக்டோபரில் ஆன்செல்ம் பரீட்சைக்குப் போனபோது துணைக்கு லெயோன்ஸ் பர்போத்தேன் வந்தான். லெயோன்ஸுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவன் ஒரு செருப்புக் கடையில் சீமாட்டிகளின் காலுக்கு அளவெடுப்பவன். நல்ல சுபாவம், நல்ல பல்வரிசை. வாசலில் மழை பிடித்துக்கொண்டது. பரீட்சை எழுதுகிறவர்கள் மட்டும்தான் உள்ளே உட்காரலாம் என்று காவலாளி சொல்லிவிட்டார். லெயோன்ஸ் வானத்தைப் பார்த்தான், தன் புதுத் தொப்பியைப் பார்த்தான், கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

தலைப்பு: இலையுதிர்காலம்.

லெயோன்ஸ் இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தான். இலை விழுகிறது, இதயம் விழுகிறது, சேன் நதி மட்டும் ஓடுகிறது. பல்லவி முழுக்க ஆகா பாரீஸ், ஓகோ பாரீஸ். மீதி நேரம் கோட்டுப் பையிலிருந்த ரொட்டியையும் சாசேஜையும் சத்தம் வராமல் தின்றான். ஆன்செல்ம் மணி பன்னிரண்டு அடிக்கும்வரை எழுதினான். உதிர்கிற ஒவ்வொரு இலையையும் பார்த்து வசவு பொழியும் ஒரு நகராட்சித் துப்புரவாளரைப் பற்றி ஒன்பது சரணங்கள். பல்லவி இல்லை. திட்டுகிற மனுஷன் திரும்பத் திரும்ப ஒரே வசவையா திட்டுவான்?

முடிவுகள் தபாலில் வந்தன. இருவரும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பிரித்தார்கள். ஆன்செல்முக்கு: "கற்பனை உண்டு. பல்லவி இல்லை. தேறவில்லை." லெயோன்ஸுக்கு: "தெளிந்த நடை. பல்லவி மனதில் நிற்கிறது. சங்கம் வரவேற்கிறது."

லெயோன்ஸ் நெளிந்தான். "டேய், நீ வச்சுக்கடா இத. எனக்கெதுக்கு? நான் எட்டு நம்பர் காலா, ஒன்பது நம்பர் காலான்னு பார்க்கறவன்."

"இதென்ன கோட்டா, மாத்திப் போட்டுக்க?"

"மறுபடி எப்ப எழுதலாமாம்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு."

"அவ்வளவுதானே," என்றான் லெயோன்ஸ். ஆயுளில் பாதியை மண்டியிட்டே கழித்தவனுக்கு ரெண்டு வருஷம் பெரிதாகத் தெரியவில்லை.

விஷயம் மதாம் க்ளோத்தில்டிடம் போனது. ஆன்செல்ம் பாடிக்கொண்டிருந்த 'குருட்டு வாத்து' கபரே அவளுடையது. நாற்பது நாற்காலி, ஒரு பியானோ, சுவரெல்லாம் ஈரம். அன்றன்று பாடப்படும் பாட்டுகளைச் சங்கம் தந்த தாளில் எழுதி அனுப்ப வேண்டும்: பாட்டின் பெயர் ஒரு கட்டம், எழுதியவர் பெயர் ஒரு கட்டம். உறுப்பினர் அல்லாதவர் பெயர் போட்டால் தாள் திரும்பி வந்துவிடும்.

"ஏழு பாட்டு பாடுற. ஏழையும் யாருமே எழுதலன்னு நான் எழுதி அனுப்பவா?" என்றாள் மதாம். "சங்கத்து ஆளு வந்து நின்னா, இந்தப் பாட்டெல்லாம் சுவத்து ஈரத்துல தானா முளைச்சதுன்னு சொல்லவா? தேறின பய ஒருத்தன் பேரப் போடு. இல்லன்னா ஊரு பேரு தெரிஞ்சவன் பாட்டப் பாடு."

இதெல்லாம் ஊரில் நடக்கிறதுதான். மாட்டினால் இரண்டு பேரும் சங்கத்துக்கு ஆயுசுக்கும் ஆகாதவர்கள், பாட்டையும் யாரும் எங்கும் பாட முடியாது. அதனால் யாரும் மாட்டுவதில்லை. லெயோன்ஸ் உடனே சரி என்றான். நண்பனுக்குக் குடை இரவல் கொடுப்பதுபோல் பெயரைக் கொடுத்தான். ஆன்செல்ம் தினமும் சாயங்காலம் பாடப் போவதற்கு முன் மதாமின் கல்லாப் பக்கம் உட்கார்ந்து, தன் ஏழு பாட்டுக்கும் நேரே, தன் கையெழுத்தில், 'லெயோன்ஸ் பர்போத்தேன்' என்று ஏழு தடவை எழுதினான். முதல் வாரம் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் கை தன்பாட்டுக்கு எழுதியது.

பாட்டுகளுக்குச் சங்கம் தந்த பணத்தில் லெயோன்ஸ் ஒரு காசு தொட்டதில்லை. சங்கத்திலிருந்து வரும் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து நீட்டுவான். அவன் மட்டும் அயோக்கியனாக இருந்திருந்தால் ஆன்செல்முக்கு வாழ்க்கை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஆன்செல்ம் 'அர்மாந்த்' எழுதினான். அர்மாந்த் அவன் அம்மா. வடக்கே தெர்னியே ஜங்ஷனில், ரயில்வே கேன்டீனில் இருபத்தாறு வருஷம் உருளைக்கிழங்கு சீவியவள். பாட்டில் ஊர் பெயர் கிடையாது. ஒரு ஜங்ஷன், ஒரு கேன்டீன், ஒரு கத்தி. ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. வந்து போகிற ரயிலை அவள் நேரம் பார்த்து அறிவதில்லை. தோல் குவியலின் உயரத்தைப் பார்த்துச் சொல்வாள். வேலையோடு மெல்லப் பாடவும் செய்வாள். கடைசி வரியில்தான் பாடுகிறவன் சொல்கிறான்: அவள் என் அம்மா. பல்லவி கிடையாது.

ப்லாஞ்ச் ஓர்செல் ஒருநாள் குருட்டு வாத்துக்கு வந்து இதைக் கேட்டாள். நாடே அறிந்த பாடகி. கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டை எழுதியவரிடம் தன்னை அழைத்துப் போகச் சொன்னாள். மதாம் க்ளோத்தில்ட் அவளைச் செருப்புக் கடைக்கு அழைத்துப் போனாள். ஆன்செல்மிடம் ப்லாஞ்ச், "நீங்களும் பரவாயில்லாம பாடுறீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மனசு நல்ல மனசு.

மூன்றே மாதத்தில் பாட்டு எல்லா வானொலிப் பெட்டியிலும் இருந்தது. இசைத்தட்டு வந்தது. வார்த்தைகளையும் மெட்டையும் அச்சடித்த நாலு பக்கத் தாள் பெட்டிக் கடைகளில் தொங்கியது. அதன் முகப்புப் படத்தில் லெயோன்ஸின் பல்வரிசை பிரமாதமாக விழுந்திருந்தது. வானொலிக்காரர்கள் பேட்டிக்கு அழைத்தார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவு செய்தார்கள்.

"முசே பர்போத்தேன், அர்மாந்த் யாரு?" என்று கேட்டார் அறிவிப்பாளர்.

"என் அம்மா," என்றான் லெயோன்ஸ். பாட்டின் கடைசி வரி அப்படி. வேறென்ன சொல்வான்?

லெயோன்ஸின் நிஜ அம்மா திஜோனில் பல் டாக்டரின் மனைவி. நான்கு நாளில் கடிதம் வந்தது. '1919ஆம் வருஷத்திலிருந்து வீட்டில் வேலைக்காரி வைத்திருக்கிறேன். என் கையில் உருளைக்கிழங்கைப் பார்த்தவர் எவராவது உண்டா? உன் அப்பாவிடம் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். என் பெயர் எதீத் என்பதாவது நினைவிருக்கிறதா?'

அடுத்தடுத்த பேட்டிகளுக்கு விவரம் தேவைப்பட்டது. லெயோன்ஸ் ஆன்செல்மின் அறைக்கு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து குறிப்பெடுப்பான்.

"அர்மாந்த் எந்தக் கைல கத்தி பிடிப்பாங்க?"

"இடது."

"ஐயோ. நான் போன வாரம் வலதுன்னு சொல்லிட்டேனே."

"பரவால்ல. வலது கைக்காரியாவே இருக்கட்டும்."

"கோபப்படாதடா. நல்ல பேரு வாங்கித் தர்றது அவங்களுக்குத்தானே?" கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். "டேய், உண்மையச் சொல்றேன். நேத்து ராத்திரி கனவுல வந்தாங்க. சூப் ஊத்திக் குடுத்தாங்க."

"என்ன சூப்?"

"லீக் வெங்காயத் தண்டு போட்டது."

ஆன்செல்முக்கு முதல்தடவையாக அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அம்மாவின் லீக் சூப்பைப் பற்றி அவன் யாரிடமும் சொன்னதில்லை. தெர்னியேயில் வேறு சூப் கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். அர்மாந்த் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. விரல்கள் மடங்காமல் விறைத்துப் போயிருந்தன. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் வானொலியும் பக்கத்து வீட்டு மாத்தில்டும் துணை. சாப்பாட்டு மேசைக்கு மேலே, ஆணியடித்து, அந்த நாலு பக்கத் தாள் தொங்கிற்று. வீட்டில் பியானோ கிடையாது.

"இந்தப் பாட்டக் கேட்டியா நீ?" என்றாள்.

"தினம் பாடுறேன்மா."

"நீ பாடுறது இருக்கட்டும். ப்லாஞ்ச் ஓர்செல் பாடுறத ஒருநாள் கேளு. மாத்தில்ட் அழுதுட்டா. அவ புருஷன் செத்தப்பக்கூட அழாதவ." தாளைப் பார்த்தாள். "யாரு பெத்த பிள்ளையோ. தான் பெத்தவளப் பத்தி இப்படி எழுதணும்னு தோணிருக்கு பாரு. நீயும்தான் பத்து வருஷமா நிலவறை நிலவறையாப் பாடிட்டுத் திரியற. குப்ப கூட்டறவன் மேல ஒண்ணு, குடிகாரன் மேல ஒண்ணு. பெத்தவ ஒருத்தி இருக்கான்னு ஞாபகம் வந்திச்சா?"

சங்கமாவது, தடையாவது. ஆன்செல்ம் சொல்லிவிட்டான்.

"அம்மா, இத எழுதினது நான்."

அவள் சிக்கரி காபியை அவன் கிண்ணத்தில் ஊற்றினாள். "சர்க்கரை எத்தன?"

"அம்மா."

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை எத்தன?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது வயதில், அன்னையர் தினத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அம்மாவுக்குக் கவிதை சொல்ல வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆன்செல்ம் தானே எழுதியது என்று ஒன்றைச் சொன்னான். கேன்டீன் சமையல்காரர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து அவள் அதைச் சொல்லச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்தக் கவிதை, மீன் பொட்டலம் கட்டி வந்த பழைய பத்திரிகைத் தாளில், வேறொருவர் பெயரோடு வந்து சேர்ந்தது.

"அப்ப எனக்கு ஒன்பது வயசும்மா."

"இப்ப முப்பத்திரண்டு. அதான் பெரிசா எடுத்திருக்க."

"அர்மாந்த், ஜங்ஷன், கேன்டீன். வேற யாரா இருக்க முடியும்?"

"இந்த லைன்ல மட்டும் அஞ்சு அர்மாந்த் இருக்கோம். அதுல மூணு பேரு கேன்டீன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அவ வேலை பார்த்துக்கிட்டே பாடுறா. நான் என்னைக்குப் பாடினேன்?"

"அது பாட்டுக்காகச் சேர்த்தது."

"அவ பிள்ளைய ஒரு சுடுசொல் சொல்லல. நான் உன்ன அகப்பையாலயே அடிச்சிருக்கேன். அதையும் பாட்டுக்காக எடுத்துட்டியா?"

"ஆமா."

"அப்ப அது நான் இல்லையே," என்றாள் அர்மாந்த்.

சங்கத்தின் பரீட்சைக் குழுகூட அவனை இவ்வளவு சுருக்கமாகத் தோற்கடித்ததில்லை.

புறப்படும்போது கதவருகே நின்று சொன்னாள்: "உன் பேரு அச்சுல எங்கயாவது இருக்கா, கொண்டா. பார்த்துட்டு நம்பறேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவனை வதைத்தது. பாரீஸில் எவன் பேர் வாங்கினாலும் அவனுக்குக் கவலையில்லை. தெர்னியேயில், அந்த மேசைக்கு மேலே, அந்த ஆணியில் தன் பெயர் தொங்க வேண்டும். அதற்கு முதலில் பரீட்சையில் தேற வேண்டும். தேறிவிட்டால், பாட்டை ஆன்செல்ம் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாக லெயோன்ஸ் வாக்குக் கொடுத்திருந்தான், கேட்காமலே கொடுத்தான்.

1953 அக்டோபர். தலைப்பு: சமையலறை. அதிர்ஷ்டம் என்று நினைத்தான். மூன்று சரணம், கச்சிதமான ஒரு பல்லவி. விதிப்படி எழுதினான், மணிக்கு முன்பே கொடுத்தான். மறுவாரம் நேரில் வரச் சொன்னார்கள். நேரில் அழைத்தால் தேர்ச்சி என்று மதாம் க்ளோத்தில்ட் சொல்லியிருந்தாள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்தவர் அவன் தாளைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார்.

"உங்க வயசுல எல்லாரும் யாரையாவது பார்த்துத்தான் எழுதுவாங்க. அது தப்பில்ல. ஆனா பர்போத்தேனை இவ்வளவு அப்பட்டமாவா?"

"அவர எனக்குத் தெரியுங்க," என்றான் ஆன்செல்ம்.

"அப்ப இன்னும் மோசம்."

இடப்பக்கத்துக் கிழவர் இரக்கத்தோடு முன்னால் சாய்ந்தார். "பாருங்க தம்பி, பர்போத்தேன் கேன்டீன்ல வளர்ந்தவர். அந்த வலி நிஜம். உங்களுது இரவல் வலி. படிச்சதும் தெரிஞ்சு போச்சு."

"அந்தப் பல்லவி வேற," என்றார் வலப்பக்கத்தவர். "ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அவர் பல்லவியே இல்லாம எழுதறார், கவனிச்சீங்களா? அதத்தான் கத்துக்கணும்."

நடுக் கிழவர் முத்திரை குத்தினார். ஆன்செல்ம் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றான். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் லெயோன்ஸ் போவான், தானும் போவான், நாளையிலிருந்து 'அர்மாந்த்' எந்த வானொலியிலும் வராது. தெர்னியேயில் மாத்தில்ட் அழுவதற்கு ஒன்றும் இருக்காது. வாயை மூடிக்கொண்டு தொப்பியை எடுத்தான்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, நிறைய படிங்க," என்றார் இரக்கக்காரர்.

பனிக்காலம் முடியும்போது நாடகம் வந்தது. உர்பேன் என்ற இயக்குநர் பர்போத்தேன் பாடல்களைக் கோத்து ஒரு பாட்டு நாடகம் செய்தார். கேன்டீன் பிள்ளை ஒருவன் வளர்ந்து பாடலாசிரியன் ஆகிற கதை. லெயோன்ஸ் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். பர்போத்தேன் பாடல்களை அதிகம் பாடியவன் என்ற தகுதியில் ஆன்செல்ம் தேர்வானான். பிணமாக நடித்தவனுக்குக் கதாநாயகன் வேடம். மதாம் க்ளோத்தில்ட் அவனைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். சுவரொட்டியில் பெயர்கூட வந்தது: 'லெயோன்ஸாக: ஆன்செல்ம் ராவியே.' அதை ஊருக்கு அனுப்பலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்து, கட்டிலுக்கடியில் வைத்தான்.

ஒத்திகையில் முதல் காட்சி கிழங்கு சீவுவது. ஆன்செல்ம் கத்தியை அசைக்காமல் பிடித்து, கிழங்கை அதன்மேல் சுழற்றினான். தோல் அறுபடாமல் ஒரே நாடாவாக இறங்கியது. அவன் அம்மாவின் கை.

"நிறுத்து," என்றார் உர்பேன். "இதென்னய்யா சர்க்கஸ்? ஜனங்க இதப் பார்த்து நம்புவாங்களா? முசே பர்போத்தேன், நீங்க கொஞ்சம் மேல வந்து காட்டுங்க. நிஜமா எப்படி இருக்கும்?"

லெயோன்ஸ் மேடையேறினான். முகம் சிவந்திருந்தது. வாழ்க்கையில் கிழங்கே சீவாதவன், கத்தியை எடுத்து, பென்சில் சீவுவதுபோல் வெளிப்பக்கமாகச் சீவினான். தோலோடு கிழங்கில் பாதியும் போயிற்று.

"பார்த்தீங்களா," என்றார் உர்பேன் எல்லாரிடமும். "எவ்வளவு களைப்பு அந்தக் கைல. அதுதான் வாழ்க்கை. ராவியே, அதே மாதிரி பண்ணு."

"மன்னிச்சுக்கடா," என்றது லெயோன்ஸின் உதடு, சத்தமில்லாமல்.

ஆன்செல்ம் அதே மாதிரி பண்ணினான். அரங்கேற்றத்துக்கு மறுநாள் பத்திரிகை விமர்சகர் எழுதினார்: 'ராவியே குரல் வளம் உள்ளவர். ஆனால் பர்போத்தேனின் பால்யத்தைத் தாங்கும் தோள் அவருக்கு இல்லை. கிழங்கை அவர் இதற்குமுன் தட்டில் மட்டுமே பார்த்திருக்க வேண்டும்.'

நாடகம் நிற்காமல் ஓடியது. அறுபதாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒருநாள் ஆன்செல்ம் லெயோன்ஸைக் காபிக் கடைக்கு அழைத்துப் போனான்.

"எங்கம்மா அடுத்த ஞாயிறு பகலாட்டத்துக்கு வர்றாங்க. அவங்ககிட்ட சொல்லிடு. அவங்ககிட்ட மட்டும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

லெயோன்ஸ் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். செருப்புக் கடை வேலையை அவன் விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. தெருவில் போனால் தாய்மார்கள் நிறுத்திக் கைகுலுக்குகிறார்கள்.

"சொல்றேன்," என்றான் கடைசியில். "சத்தியமாச் சொல்றேன். ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் அவங்க கனவுல வர மாட்டாங்க இல்ல?"

"வர மாட்டாங்க."

"சரி," என்று மூக்கை உறிஞ்சினான்.

அர்மாந்த் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் அசையாமல் பார்த்தாள். முடிந்ததும் ஒப்பனை அறைக்குக் கூட்டி வந்தார்கள். ஆன்செல்ம் முகப்பூச்சுகூடக் கலைக்கவில்லை. லெயோன்ஸ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான், அவள் முன்னால் வந்து நின்றான். நன்றாகத்தான் ஆரம்பித்தான்.

"மதாம், நான் சொல்லப்போறது உங்களுக்கு மட்டும் தெரியணும். அந்தப் பாட்ட நான் எழுதல. ஒரு வரிகூட நான் எழுதல. எழுதினது உங்க மகன். அர்மாந்த் நீங்கதான். சங்கத்துல அவனுக்குப் பேரு இல்லாததால என் பேரப் போட்டோம். எங்கம்மா திஜோன்ல பல் டாக்டர் பொண்டாட்டி. கிழங்கைத் தொட்டதே இல்ல. நான் செருப்புக் கடைக்காரன் மதாம். உங்க பேரச் சொல்லித்தான் இவ்வளவு நாளா எனக்கு மரியாதை."

ரொம்ப நாளாகப் பேட்டி கொடுத்துப் பழகிய குரல். ஒவ்வொரு சொல்லும் அழகாக வந்து விழுந்தது. 'உங்க பேர' என்ற இடத்தில் தானாகவே நடுங்கியது. பிறகு நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டான்.

அர்மாந்த் விறைத்த விரல்களால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க முசே. அம்மா பேச்ச எடுத்தாலே உங்களுக்கு இப்படித்தான்னு பத்திரிகைல போட்டிருந்தாங்க. நான் படிச்சேன்."

"இல்ல மதாம், நான் சொல்றது நிஜம்."

"நிஜம், நிஜம். நண்பன் தன்னப் பெத்தவ முன்னால சிறுமைப்பட்டுடக் கூடாதுன்னு, பேரையே தூக்கிக் குடுக்கறீங்க பாருங்க." அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். "உங்கள வளர்த்தவ நல்லா வளர்த்திருக்கா."

"மதாம், உங்க மகனக் கேளுங்க."

அவள் ஆன்செல்மைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்க என்ன இருக்கு? மேடைல இவன் கிழங்கு சீவினதப் பார்த்தேனே. என் வயித்துல பிறந்து, என் கேன்டீன்ல வளர்ந்த பிள்ளை அப்படிச் சீவறான். இவனா அதை எழுதினான்?"

"அது டைரக்டர் சொன்னதும்மா."

"அந்தக் கையும் டைரக்டர் குடுத்ததா?"

லெயோன்ஸ் சத்தமாக விம்மினான். அர்மாந்த் தன் கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். ஆன்செல்முக்கு அந்தக் கைக்குட்டையைத் தெரியும். அவனுக்கு அது ஒருபோதும் கிடைத்ததில்லை. சின்ன வயதில் அழுதால் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொள்ளச் சொல்வாள்.

கார் து நோர் ஸ்டேஷன்வரை அவள் பையை ஆன்செல்ம் தூக்கி வந்தான். நடைமேடையில் அதை வாங்கிக்கொள்ளும்போது சொன்னாள்.

"அந்த மனுஷன் உனக்காகப் பொய் சொல்லி, பொய் சொல்ல வேண்டியிருக்கேன்னு அழறார். நீ கல்லு மாதிரி நிக்கற. இனிமே அவர அப்படி ஒரு நிலைக்குக் கொண்டு வந்து நிறுத்தாத. தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா," என்றான் ஆன்செல்ம்.

"குரல் உனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள், தணிந்து. "அத விடாத."

ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிர் இருக்கையில் கூடையோடு ஒரு பெண்மணி. கண்ணாடி பாதி இறக்கியிருந்ததால் நடைமேடையில் நின்றவனுக்கு எல்லாம் கேட்டது.

"வெளிய நிக்கறது உங்க பையனா?"

"ஆமா. நடிகன். பர்போத்தேன் நாடகத்துல பர்போத்தேனா வர்றான்."

"அட. நானும் பார்க்கணும்னு இருக்கேன். எப்படிப் பண்றார்?"

அர்மாந்த் கண்ணாடி வழியாக மகனை ஒருதடவை நிதானமாகப் பார்த்தாள். முகப்பூச்சு இன்னும் காதோரம் ஒட்டியிருந்தது.

"பாவம், முயற்சி பண்றான்," என்றாள். "நான் இப்பதான் அவர நேர்ல பார்த்துட்டு வர்றேன். கொஞ்சம்கூட அவர் மாதிரி இல்ல."